வண்டியோடு வருகிறவர்கள்

காசி வரைக்கும் வேனில் போய் வருவது என்று முடிவு செய்ய ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது. தங்குவதற்கு முன்கூட்டியே இடம் சொல்லி வைப்பதா, போகிற ஊரில் பார்த்துக்கொள்வதா என்று முடிவு செய்ய ஒன்றரை மாதம் ஆயிற்று.

தங்கப்பொண்ணும் ஸ்யாமளாவும் மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் ஆபரேட்டர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஏழு வருடமாக ஒருத்தி கொண்டுவந்த ஊறுகாயை இன்னொருத்தி காலி செய்து பழகியவர்கள். ஊர் சுற்றிவர அரசாங்கம் தரும் எல்.டி.சி. விடுப்பு இருவருக்கும் பாக்கி இருந்தது. தங்கப்பொண்ணுவின் கணவன் சோணைமுத்து அவனியாபுரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்தான். ஏலத்தில் எடுத்த பழைய மெட்டடோர் வேன் ஒன்றை ஆணி ஆணியாகப் பிரித்து மாட்டி, நீலப் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குத் திரையெல்லாம் போட்டு வைத்திருந்தான். அவனே ஓட்டுவது, டீசலை மட்டும் இரண்டு குடும்பமும் பாதிப் பாதி போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. இந்தப் பக்கம் தங்கப்பொண்ணு, சோணைமுத்து, அவளுடைய அம்மா ஒச்சம்மாள். அந்தப் பக்கம் ஸ்யாமளா, அவள் கணவர் பட்டாபிராமன், மாமியார் நாகலக்ஷ்மி. ஆறு பேர், இருபத்திரண்டு நாள்.

பட்டாபிராமன் ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். தேசப்படத்தை வீட்டுக் கூடத்தில் விரித்து, மதுரையிலிருந்து திருச்சி, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். எந்த ஊரில் எங்கே தங்குவது என்று தங்கப்பொண்ணு கேட்டபோது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"ரூமை முன்னாடியே சொல்லி வச்சுட்டா அது பிரயாணமே இல்லேம்மா. தபால். ஒட்டின விலாசத்துக்குத்தான் போய்ச் சேரணும். நாம என்ன போஸ்ட் கார்டா?"

ஸ்யாமளாவும் சிரித்தாள். சோணைமுத்துவும் சேர்ந்துகொண்டான். அவன் காரணம் வேறு. பழைய வண்டி; எந்த ஊரில் படுக்கும் என்று அதற்கே தெரியாது. நாக்பூரில் அறை போட்டுவிட்டு நடு ரோட்டில் ஆக்சில் ஒடிந்து உட்கார்ந்திருந்தால், கொடுத்த முன்பணத்தை எவன் திருப்பித் தருவான் என்று கேட்டான்.

தங்கப்பொண்ணு மட்டும் விடவில்லை. எல்லா ஊர் ஆபரேட்டர்களும் பழக்கம்தான், நல்ல லாட்ஜாக விசாரித்து முன்பணம் அனுப்பி ரசீது வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டபோது, பெண்பிள்ளைகள் இருக்கிறோம், வயசானவர்கள் இருக்கிறார்கள் என்று ஏதோ சொன்னாள். உண்மைக் காரணம் அது இல்லை.

வேலை கிடைத்து மதுரைக்கு வந்த புதிதில் அவள் ஒன்பது வீட்டு வாசல் ஏறி இறங்கியவள். எல்லா வீட்டிலும் டு-லெட் பலகை தொங்கியது. எல்லா வீட்டிலும் முதலில் உட்காரச் சொன்னார்கள். சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை என்றதும் மோர் வந்த வீடும் உண்டு. பிறகு சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் என்பாள். அங்கே எந்தத் தெரு என்று கேட்பார்கள். அவளுக்குத் தெருப்பெயர் கிடையாது. ஊருக்கு வெளியே, வயலுக்கு அந்தப் பக்கம், காலனி. அதைச் சொன்ன மறு நிமிடமே காலையில்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனது அந்த வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்துவிடும். ஒன்பது வீட்டிலும் அதே நாள் காலையில், அதே ஒருத்தர்.

அதிலிருந்து அவள் ஒன்று கற்றிருந்தாள். பணத்தை வாங்கி ரசீதில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் எவனும் தெருவைக் கேட்பதில்லை. கேட்டாலும் ரசீதை நீட்டலாம்.

இதை சோணைமுத்துவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள். அவன் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"நாக்பூர்க்காரனுக்கு உன் கொட்டாம்பட்டித் தெரு எங்க புள்ள தெரியும்? அங்க நீயும் மதராசி, வாத்தியாரும் மதராசி. அம்புட்டுப் பேரையும் ஒண்ணாத்தான் திட்டுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பிடிவாதத்தைத் தொடர முடியவில்லை. சரி, புக் பண்ண வேண்டாம் என்று ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்ட பிறகு அது அவளுக்குப் பிடிக்கவும் தொடங்கியது. ட்ரங்க் போர்டில் ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு ஊர் இருந்தது. ஏழு வருடமாக அந்தத் துளைகளில் கம்பியைச் செருகி, யார் யாரோ யார் யாருக்கோ சொல்லும் பிறப்பையும் சாவையும் வெங்காய விலையையும் கோத்துவிட்டவள் அவள். நாக்பூர் போர்டில் ஒரு பெண் இருந்தாள். பெயர் தெரியாது; எப்போதும் இருமுவாள். "ஹலோ மதுரை" என்று அவள் இழுக்கும்போது, அந்தக் குரலுக்குப் பின்னால் உயரமான ஜன்னலும், வெயிலில் காயும் ஆரஞ்சுத் தோலும், மரப்படிகளும் இருப்பதாகத் தங்கப்பொண்ணு கற்பனை செய்து வைத்திருந்தாள். அந்த ஊரில் பொழுது சாயும் வேளையில், எந்தக் கதவைத் தட்டப்போகிறோம் என்று தெரியாமல் வண்டியை விட்டு இறங்குவது. எந்தக் கதவு என்று தெரியாமல் இருப்பதில் பயம் மட்டும் இல்லை என்பது, அவளுக்கு இருபத்தேழு வயதில் புதிதாகத் தெரிந்தது. மே மாதத்தில் நாக்பூருக்குப் போனால் அப்பளமாகப் பொரிந்துதான் வருவாய் என்று சூபர்வைசர் ரெங்கம்மாள் சொன்னபோது, அதுவும் அவளுக்கு நல்ல செய்தியாகவே பட்டது.

புறப்பட மூன்று நாள் இருந்தது. சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பி ஊர் சற்று ஓய்ந்திருந்த நேரம். காலை பதினொரு மணிக்கு நாக்பூர் விளக்கு எரிந்தது.

"ஹலோ மதுரை. பி.பி. கால்," என்று இருமினாள் அவள். குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் பி.பி. கால் செல்லும், ஆள் வந்துவிட்டாரா என்று ஆபரேட்டர் லைனில் இருந்து கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஆள் பெயர் பட்டாபிராமன், ஆசிரியர் என்றாள். பள்ளிக்கூடத்தின் நம்பரையும் சொன்னாள்.

தங்கப்பொண்ணுவுக்கு மனசு துள்ளியது. நாக்பூரிலிருந்து பட்டாபிராமனை யார் கூப்பிடுவார்கள்? போஸ்ட் கார்டா நாம் என்று கேட்டவர், ரகசியமாக இடம் சொல்லி வைத்திருக்கிறார். தனக்காகத்தான் செய்திருக்கிறார், தான் அத்தனை நாள் சொன்னதை மதித்துச் செய்திருக்கிறார். ப்யூன் போய், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவரை அழைத்துவரும் வரை அவள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். ஸ்யாமளாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தாள். அவள் டீ குடிக்கப் போயிருந்தாள்.

"பட்டாபிராமன் ஸ்பீக்கிங்," என்றார். அவ்வளவுதான், அவள் வேலை முடிந்தது. போர்டில் பேச்சைக் கேட்கும் சாவியை மூடிவிட்டு விலக வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்து ஆள் அதே மூச்சில் பேசத் தொடங்கிவிட்டான். நல்ல தமிழ்.

"சத்திரத்து மேனேஜர் பேசறேன். உங்க ரிப்ளை கார்டு வந்தது. உங்க மூணு பேருக்கும் மாடியில ரூம் போட்டுட்டேன். ஒரே ஒரு சங்கடம். வண்டியோட வரவா மூணு பேர்னு எழுதியிருக்கேளே, டிரைவர், அவன் பெண்டாட்டி, வேலைக்காரக் கிழவின்னு. அவா வண்டியிலேயே படுத்துக்கட்டும். ஆனா காம்பவுண்டுக்குள்ள வண்டியை விட முடியாது, அன்னிக்குக் கல்யாணம் இருக்கு. வெளில ரோட்டோரமா நிறுத்திக்கணும். சம்மதம்னா இப்பவே சொல்லிடுங்கோ."

"அதுக்கென்ன," என்றார் பட்டாபிராமன். "அவாளுக்கெல்லாம் அது பழக்கம்தான்."

பிறகு மாடி அறையில் மின்விசிறி உண்டா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். தங்கப்பொண்ணு சாவியை மூடவில்லை. நேரத்தைச் சொல்வது நாக்பூர்க்காரியின் வேலை. ஆனாலும் மூன்று நிமிடம் ஆனதும், தன் குரல்தானா என்று தனக்கே தெரியாத ஒரு குரலில், "த்ரீ மினிட்ஸ், சார்," என்றாள்.

"ஆச்சும்மா, வச்சுடறேன்," என்றார் அவர். ஒன்றரை மாதமாகத் தன் வீட்டுக் கூடத்தில் கேட்ட குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் அழைப்பு டிக்கெட்டில் நேரத்தைக் குறித்தாள். எழுத்துக் கொஞ்சமும் கோணவில்லை. அடுத்த விளக்கை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். காதுக்குள் அந்த வாக்கியம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பழக்கம்தான். எது பழக்கம்? ரோட்டோரமா? எழுபத்தெட்டாம் வருடத்திலிருந்து இன்று வரை அவருடைய மனைவியின் டிபன் டப்பாவில் சாப்பிட்டதா?

ஓய்வறையில் ஸ்யாமளா தலைமுடியை அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். தங்கப்பொண்ணு சுற்றி வளைக்கவில்லை. நாக்பூர் சத்திரத்துக்குக் கார்டு போட்டது தெரியுமா என்று கேட்டாள். ஸ்யாமளாவின் கை பின்னலிலேயே நின்றது. தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் தங்கப்பொண்ணு நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஸ்யாமளாவுக்குப் பொய் வராது. தெரியும் என்று தலையாட்டினாள். ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், காசி என்று எல்லா ஊருக்கும் ஃபிப்ரவரியிலேயே போட்டாயிற்று என்றாள். அவருக்குக் கையெழுத்து நன்றாக வராது என்பதால் தானே எழுதியதாகவும் சொன்னாள்.

"எங்களவா சத்திரம்டி. சாசனத்துலயே அப்படித்தான் எழுதி வச்சிருக்காளாம். உங்களையும் சேர்த்து எழுதினா எங்களுக்கும் இல்லேன்னுடுவா. உங்களுக்குப் பக்கத்துல நல்ல லாட்ஜா பார்த்துக் குடுத்துடலாம்னு இவர் சொன்னார். உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லலே."

"அப்ப லாட்ஜுல தங்குவாகன்னு எழுதியிருக்கலாம்ல. வண்டியில படுப்பாகன்னு ஏன் எழுதின?"

"கார்டுல இடம் இல்லேடி."

"என் பேர எழுத இடமில்ல. வேலைக்காரக் கிழவின்னு எழுத இடம் இருந்துச்சு."

ஸ்யாமளா அழத் தொடங்கினாள். அழுவதைப் பார்த்ததும் தங்கப்பொண்ணுவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அழ வேண்டியவள் இவள். அதையும் ஸ்யாமளாவே எடுத்துக்கொண்டால் என்ன மிச்சம் இருக்கிறது? புக் பண்ண வேண்டாம் என்று ஊரையே சிரிக்க வைத்துவிட்டு, தங்கள் தலைக்கு மட்டும் கூரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கதவு என்று தெரியாத சுகமெல்லாம் இவளுக்கு. ஃபேன் போட்ட மாடி அவர்களுக்கு. இவளும் மரப்படியும் ஆரஞ்சுத் தோலுமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். அந்த நினைப்பே அவளைச் சுட்டது.

சண்டையில் முடிக்காமல் அவள் ஒன்று கேட்டாள். ஒரே ஒரு தந்தி. ஆறு பேரும் சிநேகிதர்கள், ஆறு பேருக்கும் இடம் வேண்டும் என்று அந்த மேனேஜருக்கு ஒரு தந்தி அடிக்க வேண்டும்.

"இல்லேன்னு சொல்லுவான்," என்றாள் ஸ்யாமளா.

"சொல்லட்டும். ஆறு பேருக்கும் சேத்துச் சொல்லட்டும். ஆறு பேரும் ஒரே லாட்ஜுல போயி மூட்டைப்பூச்சி கடி படுவோம். எனக்கு அதுதான் வேணும்."

ஸ்யாமளா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடிக்கச் சொல்கிறேன், கட்டாயம் அடிக்கச் சொல்கிறேன் என்றாள். தங்கப்பொண்ணு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தந்தி போனால் இந்தப் பயணம் உண்டு, இந்த ஏழு வருடமும் உண்டு. போகாவிட்டால் இரண்டும் கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

அன்று மாலை ஒர்க்ஷாப்புக்குப் போனபோது சோணைமுத்து வேனுக்கு அடியில் படுத்திருந்தான். அவன் கால்களைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது, பிறகு தொடர்ந்தது. எப்படியும் வண்டியில்தான் படுக்கப் போகிறேன், இல்லாவிட்டால் டயரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான்கள் என்றான். உன்னையும் அத்தையையும் நானே நல்ல லாட்ஜில் விட்டுவிடுகிறேன், வண்டிக்குப் பர்மிட் எல்லாம் வாங்கியாயிற்று, இதைப் பெரிதாக்காதே என்றான்.

"நீங்களாப் படுக்கிறது வேற. அவரு படுக்க வைக்கிறது வேற."

அவன் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை இன்னும் கொஞ்ச நேரம் இறுக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு நாளும் ஸ்யாமளாவுக்கு வேறு ஷிஃப்ட். தந்தி போனதா என்று விசாரிக்கத் தங்கப்பொண்ணு போகவில்லை. கீழே தந்திப் பிரிவில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கவில்லை. வாய்விட்டுக் கொடுத்த வார்த்தையை நோட்டம் பார்க்கிற அளவுக்கு இறங்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. ஒச்சம்மாள் புதுச் சேலையை மடித்து மடித்து வைத்துக்கொண்டு, காசியில் கோழிக்கறி கிடைக்குமா என்று மருமகனை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும் நாள் விடியற்காலையில் வேன் வடக்கு மாசி வீதியில் பட்டாபிராமன் வீட்டு முன்னால் நின்றது. ஹோல்டால் இரண்டு, ஸ்டவ், கூஜா, பலகாரத் தகரடப்பாக்கள், அரிசி மூட்டை, ஒரு மடக்குக் கட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சோணைமுத்து மேலே கேரியரில் நின்று வாங்கி அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினான். பட்டாபிராமன் கீழே நின்று, "அதைச் சாய்க்காதேப்பா, நெய் இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் பின் சீட்டில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

கட்டி முடியும் வரை தங்கப்பொண்ணு காத்திருந்தாள். முடிந்ததும் ஸ்யாமளா பக்கம் திரும்பி, தந்தி அடித்தாயிற்றா என்று கேட்டாள். ஸ்யாமளா கூஜாவின் மூடியைத் திருகினாள். அது சரியாகத்தான் மூடியிருந்தது.

பட்டாபிராமன்தான் பதில் சொன்னார். நாக்பூர் போய்ச் சேர இன்னும் ஐந்தாறு நாள் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம், அங்கே போய் நேரில் பேசிக்கொள்ளலாம், ராகுகாலத்துக்கு முன்னால் ஊர் எல்லையைத் தாண்டணும், ஏறு ஏறு என்றார். தங்கப்பொண்ணு ஏறவில்லை. தந்தி ஆபீஸ் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிறது, போகிற வழியில் நிறுத்தி அடித்துவிட்டுப் போகலாம், வாசகம் தானே எழுதித் தருகிறேன் என்றாள்.

அவர் முகம் மாறியது. இது என்ன தொல்லை என்பதுபோல் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பால்காரன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றிருந்தான்.

"டிரைவரை டிரைவர்னு எழுதினது ஒரு குத்தமா? அவன் வண்டி ஓட்டலையா?"

"ஓட்டுறாரு. உங்க கூட்டாளியா ஓட்டுறாரு. சம்பளம் குடுத்தா வச்சிருக்கீக?"

"அதெல்லாம் சரி, உனக்கு இது எப்படித் தெரியும்? ட்ரங்க் லைன்ல ஒட்டுக்கேட்டே. அது என்ன குத்தம் தெரியுமோ? ஒரு பெட்டிஷன் எழுதிப் போட்டேன்னா உன் வேலை என்னாகும்னு யோசிச்சியா?"

"எழுதுங்க சார். நான் என்ன கேட்டேன்னும் சேத்து எழுதுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "டிரைவர், டிரைவர் பொண்டாட்டி, வேலைக்காரக் கிழவி. ரோட்டோரம். அவாளுக்குப் பழக்கம்தான். எல்லாத்தையும் எழுதுங்க. நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

வேனுக்குள்ளிருந்து ஒச்சம்மாள் தலையை நீட்டினாள்.

"யாருத்தா வேலைக்காரக் கிழவி?"

ஒச்சம்மாள் மகளைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு புதுச் சேலையின் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

நாகலக்ஷ்மி வாசற்படியில் நின்று இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தவர், மகனைப் பார்த்து, "மாடியிலயா ரூம் போட்டிருக்கான்? எனக்கு மாடி ஏற முடியாதுன்னு சொன்னேனோல்லியோ," என்றார்.

சோணைமுத்து ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாக இதைப் பெரிதாக்காதே என்று சொன்னவன். மாமியார் உள்ளே தள்ளி உட்கார்ந்ததை அவன் கண்ணாடியில் பார்த்தான். இறங்கினான். பின்னால் போய் ஏணியில் ஏறிக் கேரியரின் கயிற்றை அவிழ்த்தான். மடக்குக் கட்டிலை இறக்கிச் சுவரோரம் சாய்த்தான். ஹோல்டால்களை அதன் பக்கத்தில் வைத்தான். அரிசி மூட்டை, ஸ்டவ், தகரடப்பாக்கள். எதையும் எறியவில்லை. நெய் டப்பாவைச் சாய்க்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுவந்து படியில் வைத்தான்.

"என்னப்பா பண்றே? நீ பாட்டுக்கு எறக்கறே?" என்றார் பட்டாபிராமன்.

"டிரைவர்தானே சார். ஏத்துறதும் எறக்குறதும் எங்க வேலைதான்."

டீசல் கணக்கு என்னாவது என்று பட்டாபிராமன் கேட்டார். விடுப்புப் போட்டாயிற்றே, சத்திரத்துக்கெல்லாம் முன்பணம் கட்டியிருக்கிறதே என்றார். ஒரு கார்டுக்காக யாராவது இப்படிச் செய்வார்களா என்று பால்காரனிடமே நியாயம் கேட்டார். பால்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தான்.

ஸ்யாமளா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "தங்கம்," என்றாள்.

"ஏறுறதுன்னா ஏறு," என்றாள் தங்கப்பொண்ணு. "நாக்பூர்ல எங்களோட படுக்கணும். நாங்க எங்க படுக்குறமோ அங்க."

ஸ்யாமளா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் கை கதவில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டாள். தங்கப்பொண்ணு கதவை இழுத்துச் சாத்தினாள். நினைத்ததைவிடப் பெரிய சத்தம் கேட்டது. அது அவளுக்குப் போதுமானதாக இல்லை.

வேன் மேலூர் ரோட்டில் ஓடியது. பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் மூன்று பேர். காலி சீட்டுகள் குழியில் விழும்போதெல்லாம் குலுங்கின. அறுப்பு முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. கல்குவாரி லாரி ஒன்று ஒதுங்காமல் வந்து, சோணைமுத்து வண்டியை மண்ணில் இறக்கி ஏற்றினான். கோபம் வடிந்துவிடும் என்று தங்கப்பொண்ணு காத்திருந்தாள். ஒவ்வொரு மைல்கல்லிலும் அது புதிதாக ஏறியது. கார்டில் இடமில்லையாம். மை தொட்டு, எழுத்தைக் குண்டு குண்டாக எழுதி, நாலு ஊருக்கு. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அவளுடைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் பாதிக்கு விலாசம் எழுதிய கையெழுத்து.

மேலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி சோணைமுத்து வண்டியை ஓரம் கட்டினான். டீசலுக்கு இனி பாதிப் பங்கு கிடையாது. காசியெல்லாம் முடியாது, கைக்காசுக்கு நாக்பூர் போய்த் திரும்பலாம், அதுவும் வயிற்றைக் கட்டித்தான் என்றான். திரும்பிவிடலாமா என்று கேட்டான். அவன் கேட்டதில் குத்தல் இல்லை.

"நாக்பூர் போங்க."

"அங்க எங்க தங்குறது? புக் பண்ணணும்னு நீதான சொன்ன. இப்ப ஒரு எடத்துலயும் சொல்லி வைக்கல."

"அந்தச் சத்திரத்து வாசல்ல நிறுத்துங்க. மாடி ரூம் மூணு பேருக்குப் போட்டுக் காலியாக் கெடக்கும். நான் எறங்கிப் போயி கேக்கணும். என் பேரச் சொல்லி, எங்க ஊரச் சொல்லி, காலனின்னும் சொல்லிக் கேக்கணும்."

"தர மாட்டான்."

"தெரியும். போன்ல சொல்லுறவன், கார்டுல சொல்லுறவன் எல்லாம் போதும். இல்லேன்னு சொல்லுறவன் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

பின் சீட்டிலிருந்து ஒச்சம்மாள், "நானும் எறங்குவேன்," என்றாள்.

"அம்புட்டுத் தூரம் சண்டை போடவா போறோம்?" என்றான் சோணைமுத்து.

"ஆமா."

அவன் கண்ணாடியைத் திருத்தினான். பின்னால் ஹாரன் அடித்த பஸ்ஸுக்கு வழி விட்டு, அது போன பிறகு வண்டியை ரோட்டில் ஏற்றினான். கொட்டாம்பட்டி நெருங்கும் வரை யோசித்துக்கொண்டே ஓட்டினான்.

"அந்த மேனேஜர் தமிழ் பேசுவானா? இல்ல, இந்தியில திட்டணுமா?"

"தமிழ்தான்."

"அப்பச் சரி," என்று சொல்லிக் கியரை மாற்றினான்.